அட்டை தொங்கிய குழாய்

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலமில்லை. நீங்கள் நலமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

தெரியாத கையெழுத்தாக இருக்கிறதே என்று கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான்தான். உங்கள் தங்கையின் புருஷன். உங்களோடு முப்பத்தொரு வருஷம் குழாய் வேலை பார்த்தவன். எழுபத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நூலகத்தில் காலை வகுப்பு, பதினான்கு மாதம். என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம் இது. 'மச்சானுக்கு' என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். ஆச்சரியமாக இல்லையா?

மெதுவாகத்தான் வருகிறது. மேலே உள்ளதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. உங்கள் தங்கை சூடு பண்ணிக் கொண்டு வந்தாள். அதுவும் ஆறிவிட்டது. மூன்றாவது தடவை அவள் வரவில்லை.

படிக்கத் தெரிந்துவிட்டால் உலகம் நம்மைச் சும்மா விடுவதில்லை, மச்சான். பஸ் முதுகில், தீப்பெட்டியில், சோப்பு உறையில், எங்கே பார்த்தாலும் யாரோ எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என் கருவிப் பெட்டியில் ஒரு பாட்டில் உண்டு. முழங்கால் வலிக்கு ஆறு வருஷமாகத் தேய்த்து வந்தேன். போன மாதம் எடுத்துப் படித்தேன். 'மர மேஜை நாற்காலிகளுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது. வலி குறைந்ததும் உண்மை. கால் பளபளப்பதும் உண்மை.

இப்போது விஷயம். என் பித்தப்பையில் கல். கல்லீரலுக்கு அடியில் சின்னதாக ஒரு பை தொங்குகிறதாம். மேல்தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் பித்தத்தைச் சுரக்கிறது, இந்தப் பை கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, நாம் சாப்பிடும்போது குடலுக்குத் திறந்துவிடுகிறது. என் தொட்டியில் ஒரு கைப்பிடி கல் கிடப்பதை ஸ்கேனில் காட்டினார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், நாலு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே பையை எடுத்துவிடலாம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா.

அதற்கு ஒரு ஒப்புதல் படிவம். ஒன்பது பக்கம். எல்லாரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு மை டப்பாவை நீட்டினாள். நான் அதை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குப் படிக்கத் தெரியும்மா. படிச்சுட்டுதான் போடுவேன்" என்றேன். அதைச் சொல்வதற்காகவே பித்தப்பையில் கல் வந்திருந்தாலும் தகும்.

இரண்டு பக்கம் முடித்திருக்கிறேன். ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதி நேற்றோடு போய்விட்டது. வேறு தேதி தருவார்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் துணிக்கடை விஷயம். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய். ஒன்று தண்ணீர் வராத செத்த குழாய், அதைத்தான் வெட்ட வேண்டும். இன்னொன்று மேல்தொட்டியிலிருந்து வரும் உயிருள்ள குழாய். நீங்கள் உயிருள்ளதில் அடையாள அட்டையை மாட்டிவிட்டீர்கள். நான் உங்களை நம்பி அதை வெட்டினேன். மூன்று மாடித் தண்ணீரும் கீழே துணிக்கடைக்குள் இறங்கி, கலர் துணியின் சாயம் கரைந்து, வெள்ளைத் துணியெல்லாம் ஊதா ஆகிவிட்டது. போகட்டும் மச்சான். உங்களை மன்னித்துவிட்டேன். எழுத வந்ததும் முதலில் இதை எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
(கையெழுத்தை நானே போட்டேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்து நல்லதை வைத்திருக்கிறேன்.)


பிப்ரவரி 17

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதாவது, தாங்கள் சொல்லச் சொல்ல என் தங்கை எழுதிய கடிதம் கிடைத்தது. அவள் இடது கையால் எழுதினால் இப்படித்தான் இருக்கும். இந்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்னை ஏமாற்ற இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்.

மன்னித்துவிட்டீர்களாம். நான் அதைப் படித்தபோது என் மகள் எதிரே நின்றிருந்தாள்.

"என்னப்பா, முகம் ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்லம்மா. உன் மாமா என்னை மன்னிச்சுட்டாராம்."

"எதுக்கு?"

"அதைத்தான் நானும் ஒன்பது வருஷமா யோசிக்கிறேன்."

அந்த நாளுக்கு அப்புறம் ஊரில் ஒரு மேஸ்திரியும் என்னைக் கூப்பிடவில்லை. எது உயிருள்ள குழாய், எது செத்த குழாய் என்று தெரியாதவன் என்று பெயர். அந்தப் பெயரோடு அங்கே இருக்க முடியாமல்தான் மகள் வீட்டுக்கு வந்தேன். காலையில் தோட்டத்துக் குழாயைத் திறப்பது, மாலையில் மூடுவது, இதுதான் இப்போது என் தொழில். இதிலும் தவறு செய்கிறேனா என்று மருமகன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்.

கல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தங்கள் உடம்பில் கல் இருப்பதில் எனக்கு வியப்பில்லை. அது தலையில் இல்லாமல் பித்தப்பையில் இருக்கிறது என்பதுதான் புதுச் செய்தி. கையெழுத்துப் போட்டு அதை எடுத்துத் தொலையுங்கள். ஒன்பது பக்கத்தையும் படித்து என்ன செய்யப் போகிறீர்கள்? பரீட்சையா வைக்கப் போகிறார்கள்?

இப்படிக்கு,
தங்களால் மன்னிக்கப்பட்டவன்

பின்குறிப்பு: ஒருவேளை தாங்களே எழுதியிருந்தால், 'ஆச்சரியம்' என்பதைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். அது கஷ்டமான சொல்.


மார்ச் 1

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் பின்குறிப்பை டீச்சரிடம் காட்டினேன். வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். மற்றதைக் காட்டவில்லை.

கடிதத்தை உங்கள் தங்கை எழுதவில்லை. அவள் எழுதியிருந்தால் இப்படி மரியாதையாக இருந்திருக்காது. இப்போது பக்கத்தில் நின்று ஒன்று எழுதச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஒன்பது வருஷமா ஒரு போன் இல்ல. எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இருக்காரா, இல்ல அவரையும் நாலு துளை போட்டு எடுத்தாச்சா?"

போன வாரம் எனக்கு வலி வந்தது. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறேன், கையில் சாக்பீஸ். வலது விலாவுக்கு அடியில் பைப் ரென்ச்சைப் போட்டு யாரோ ஒரு சுற்றுத் திருகின மாதிரி இருந்தது. அப்படியே குனிந்துவிட்டேன். எனக்கு எழுத்து மறந்துவிட்டது, அந்த அவமானத்தில்தான் குனிகிறேன் என்று நினைத்து, பின்னால் இருந்த கிழவர் விடையை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். முந்தின நாள் பொரித்தது சாப்பிட்டிருந்தேன். உங்கள் தங்கைக்குத் தெரியாது. அவள் இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவாள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பேனாவால் எழுதியதை அழிக்க டீச்சர் இன்னும் சொல்லித் தரவில்லை.

அதை விடுங்கள். ஆறாம் பக்கத்துக்கு வந்திருக்கிறேன். அங்கே ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்.

'மிக அரிதாக, பித்தப்பையின் குழாய் என்று எண்ணி, கல்லீரலிலிருந்து குடலுக்குச் செல்லும் முக்கியப் பித்தக் குழாய் துண்டிக்கப்பட நேரலாம்.'

இந்த ஒரு வரியை மூன்று நாள் படித்தேன். முதல் நாள் எழுத்துக் கூட்டி. இரண்டாம் நாள் சேர்த்து. மூன்றாம் நாள் புரிந்தது. தவறான குழாய், மச்சான். நம்முடைய தவறான குழாய்.

அரிது என்று போட்டிருக்கிறது, அது சரி. நமக்கும் முப்பத்தொரு வருஷத்தில் ஒரே தடவைதான். அன்றைக்கு என் கை நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பயம். தவறான குழாயை வெட்டும்போதும் சரியான குழாயை வெட்டுகிற மாதிரியேதான் இருக்கும். தண்ணீர் முகத்தில் அடிக்கும் வரை அப்படித்தான் இருக்கும். இது டாக்டர்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அங்கே நனைந்தது துணி. இங்கே நனையப் போவது நான்.

கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டாவது தேதியும் போய்விட்டது.

நீங்கள் இங்கே இருந்தால் உங்களைக் கேட்டிருப்பேன். எந்தக் குழாயானாலும் நான் இந்த முனையில் ரென்ச்சால் இரண்டு தட்டுத் தட்டுவேன். நீங்கள் அந்த முனையில் காது வைத்துக் கேட்டுவிட்டு இரண்டு தட்டுத் திருப்பித் தட்டுவீர்கள். இரண்டு பேரும் ஒரே குழாயில்தான் இருக்கிறோம் என்று தெரிந்த பிறகுதான் ரம்பத்தை எடுப்போம். அந்த ஒரு நாள்தான் நான் தட்டவில்லை. நீங்கள் டீ வாங்கப் போயிருந்தீர்கள். அட்டைதான் தொங்குகிறதே, மச்சான் அடையாளம் வைத்துவிட்டுத்தானே போயிருக்கிறார் என்று வெட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

அட்டை தொங்குகிறதே என்று வெட்டினீர்களா?

இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மூட மறந்துவிட்டேன். மருமகன் வந்து மூடினார். ஒன்பது வருஷமாகச் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அந்த அட்டையில் நான் எழுதியிருந்தது: 'இந்தக் குழாயை வெட்டாதே.'

டீயோடு வந்தேன். தண்ணீர் எனக்கு எதிரே படியிறங்கி வந்தது. அட்டை அதில் மிதந்து வந்து கீழ்ப்படியில் என் செருப்பில் தட்டி நின்றது. குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் நிற்கிறார், மேஸ்திரி நிற்கிறார். அத்தனை பேருக்கும் முன்னால் நீங்கள் என்னைக் கை காட்டி, "மச்சான் அடையாளம் வெச்சதைத்தான் வெட்டினேன்" என்றீர்கள்.

பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் மேஸ்திரி உங்களைப் பார்த்து, "இதைப் படிச்சுட்டா வெட்டினே?" என்று கேட்டிருப்பார். அதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கும் என் தங்கைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். முப்பத்தொரு வருஷமாக ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தோம். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அதைப் பார்த்து, தப்பு என்னுடையதுதான் என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். நீங்களும்தான்.

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். இனி ஒளித்து வைக்க ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 16

மச்சான்,

உங்கள் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். என் படிப்பில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். அவள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். என் படிப்பில் கோளாறு இல்லை.

மன்னித்தேன் என்று எழுதினேனே, அதை எப்படித் திரும்ப வாங்குவது? அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். முதல் பத்தியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது நன்றாக வந்திருந்தது.

கீழே மேஸ்திரி இருந்தார். மாடியிலிருந்து சத்தம் போட்டு, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும். ஒரு டீ வாங்கிவர எவ்வளவு நேரமாகும்? பத்து நிமிஷம். அது கூடக் காத்திருக்கவில்லை. மூன்று சொல்லைப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, மூன்று மாடித் தண்ணீரை உங்கள் தலையில் கொட்டிவிட்டேன்.

அதனால் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று மேஸ்திரிக்கு, ஒன்று துணிக்கடைக்காரருக்கு. 'அட்டையில் வெட்டாதே என்றுதான் எழுதியிருந்தது. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. அதனால் வெட்டினேன். என் மச்சான் மேல் ஒரு தப்பும் இல்லை.' உங்கள் தங்கை பார்த்துவிட்டு, "இப்பத்தான் எழுத்து நேரா நிக்குது" என்றாள்.

அடுத்த நாள் ஒன்பது பக்கத்தையும் முடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். துணிக்கடைக் கதையை அட்டை உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க தப்பான குழாயை வெட்ட மாட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் டாக்டரம்மா? அட்டை தொங்கியும் நான் வெட்டினேன். உள்ளே அட்டை கூட இல்லையே."

"எனக்கே தெரியாது ஐயா" என்றார். "அதனாலதான் வெட்டறதுக்கு முன்னாடி அவ்வளவு வேலை."

மருந்துச் சீட்டைத் திருப்பிப் படம் போட்டார். "இந்தப் பைக்குள்ள ரெண்டே ரெண்டுதான் போகணும். ஒண்ணு பித்தக் குழாய், ஒண்ணு ரத்தக் குழாய். சுத்தி இருக்கிற கொழுப்பையெல்லாம் துடைச்சு எடுத்துட்டு, பையோட அடிப்பக்கத்தைக் கல்லீரல்லேருந்து பிரிச்சு விடுவேன். ரெண்டு குழாய்க்கும் நடுவுல பார்த்தா பின்னால கல்லீரல் தெரியணும், ஜன்னல் வழியா எதிர்ச் சுவர் தெரியற மாதிரி. மூணாவதா ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா கத்தரியைத் தொட மாட்டேன்."

"எல்லாம் சரியாத் தெரிஞ்சா வெட்டிடுவீங்க."

"அப்பவும் மாட்டேன். கையை நிறுத்திட்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, 'நீங்க என்ன பார்க்கிறீங்க?'ன்னு கேட்பேன். நான் என்ன பார்க்கிறேன்னு முதல்ல சொல்லவே மாட்டேன். சொல்லிட்டா அவர் கண்ணுக்கும் அதுவேதான் தெரியும்."

மச்சான், நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இந்த அம்மாவும் இரண்டு தட்டுத் தட்டுகிறார்!

இன்னொன்றும் சொன்னார். முதலிலேயே ஊசியில் ஒரு மருந்து ஏற்றிவிட்டால், ஒரு தனி விளக்கில் பித்தக் குழாய் மட்டும் பச்சையாக ஒளி விடுமாம். "நாங்க தொட்டித் தண்ணியில துணிக்குப் போடற நீலத்தைக் கலந்துவிட்டு எந்தக் குழாய்ல வருதுன்னு பார்ப்போம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த தடவை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது சொல்லுவாராம்.

"இவ்வளவும் பண்ணியும் தெளிவாத் தெரியலைன்னா?"

"நிறுத்திடுவேன். பையைத் திறந்து கல்லை எடுத்துட்டு, ஒட்டிக்கிட்டிருக்கிற அடிப்பாகத்தை மட்டும் அப்படியே விட்டுட்டு, ஒரு வடிகுழாய் வெச்சுட்டு வந்துடுவேன். பாதியில விட்டுட்டு வந்துட்டாங்கன்னு சொல்றவங்க சொல்லட்டும்."

வேலையைப் பாதியில் நிறுத்தினேன் என்று தலை நிமிர்ந்து சொல்லும் ஒருவரை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

பிறகு அவர் என்னைக் கண்டித்தார். ஒவ்வொரு வலிக்கும் உள்ளே வீங்கி ஒட்டிக்கொள்கிறதாம். நான் நாள் கடத்தக் கடத்த, குழாய்களைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிறதாம். "நீங்க படிச்ச ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளே ஒரு பூச்சு சிமெண்ட் ஏறியிருக்கு ஐயா" என்றார். ஏப்ரல் இரண்டாம் தேதி. இனிமேல் மாற்ற முடியாது.

என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே உடனிருப்பவர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் தங்கை தான் போடுவதாகச் சொல்கிறாள். நான் விடவில்லை. இந்த முனையில் நான் தட்டிவிட்டேன், மச்சான்.

மாப்பிள்ளை


மார்ச் 23

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. அதற்கு முந்தின நாளே மேஸ்திரி போன் செய்துவிட்டார். "யோவ், ஒன்பது வருஷமா ஏன்யா சொல்லலை?" என்று கத்தினார். துணிக்கடைக்காரர் உன் கடிதத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம். வருகிறவர்களிடமெல்லாம், கையெழுத்து எப்படி முத்து முத்தாக இருக்கிறது பார் என்று காட்டுகிறாராம். முத்து என்பது அவர் சொன்னது. நான் சொல்லவில்லை.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்து என் டீயும் ஆறிவிட்டது.

அட்டையை எழுதியது யார்? நான். யாருக்கு எழுதினேன்? அந்த மாடியில் உன்னைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. எழுத்தே தெரியாத ஒருவனுக்கு எழுதி மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று டீ வாங்கப் போன புத்திசாலி நான்தான். அட்டையை அன்றைக்கு வெளியே எடுத்திருந்தால் மேஸ்திரி உன்னைக் கேட்டுவிட்டு என் பக்கம்தான் திரும்பியிருப்பார். உன்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினேன் அல்லவா, அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

எப்படி அப்படி ஒரு காரியம் செய்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் உனக்கும் சேர்த்து நானே படித்துக்கொண்டிருந்தேனா, உனக்குப் படிக்கத் தெரியாது என்பதே எனக்கு மறந்துவிட்டது. வேறு காரணம் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு நான் வர மாட்டேன். பஸ்ஸில் பத்து மணி நேரம். முழங்கால் மடங்காது. (அந்த மேஜை மருந்தின் பெயரை எழுது.) தோட்டத்துக் குழாயை வேறு யார் பார்ப்பார்கள்?

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். எந்த வார்டு? எத்தனை மணிக்கு உள்ளே கொண்டு போவார்கள்? அந்த இன்னொரு டாக்டரைக் கூப்பிடுவது நிச்சயம்தானா, இல்லை வாய் வார்த்தையா? நீ எதையும் சரியாகக் கேட்டுக்கொள்ள மாட்டாய்.

பொரித்தது தொடாதே.

மச்சான்


ஏப்ரல் 4

என் வீட்டில், என் கட்டிலில், என் தலையணையில் படுத்திருக்கும் மச்சானுக்கு,

இந்த வார்டில் ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் இரண்டு நாள் ஒரே ஒரு ஆளைத்தான் விடுவார்கள் என்பதால் உங்கள் தங்கை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அந்த இடத்தை உங்களுக்கு விட்டுத் தரச் சொன்னேன். "ஒன்பது வருஷம் காத்திருந்தவர் ரெண்டு நாள் காத்திருக்க மாட்டாரா?" என்கிறாள்.

நீங்கள் வந்ததை நான் பார்க்கவில்லை. எட்டரை மணி வரை அந்தக் கோட்டைக் காலியாக வைத்திருந்தேன். நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். உங்கள் தங்கை என் கையிலிருந்து படிவத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். உள்ளே போகும்போது கதவையே பார்த்துக்கொண்டு போனேன். முகமூடியை வைத்து ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்கள். மூன்றுக்கு மேல் ஞாபகமில்லை.

மற்றதெல்லாம் உங்கள் தங்கை சொல்லித்தான் தெரியும். கதவை மூடுகிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக, நொண்டிக்கொண்டே வந்தீர்களாம். படிவத்தைக் கேட்டு வாங்கினீர்களாம். கோட்டில் அவள் கையெழுத்து இருப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கடியில் நீங்களே இன்னொரு கோடு போட்டு உங்கள் கையெழுத்தைப் போட்டீர்களாம். அப்படிப் போடக் கூடாது என்று நர்ஸ் சொன்னதற்கு, "நான் இல்லாம அவன் எந்தக் குழாயையும் தொடக் கூடாதும்மா" என்றீர்களாம். நானா தொடுகிறேன்?

டாக்டரம்மா வெளியே வந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, நான் உயிரோடு இருக்கிறேனா என்று இல்லையாம்.

"இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன் ஐயா."

"என்ன சொன்னார்?"

"எனக்குத் தெளிவாத் தெரியலைன்னார். எனக்கும் தெரியலை. பச்சை விளக்குல பார்த்தும் அந்த இடம் மட்டும் மங்கலா இருந்தது. அதனால நிறுத்திட்டேன். கல்லையெல்லாம் எடுத்தாச்சு. ஒட்டியிருந்த அடிப்பாகத்தை மட்டும் விட்டுட்டு, வடிகுழாய் வெச்சிருக்கேன். முக்கியக் குழாய்ப் பக்கமே நான் போகலை."

அதைக் கேட்டுவிட்டு நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டீர்களாம். பிறகு துண்டை எடுத்து, "நல்ல வேலைக்காரிம்மா நீ" என்றீர்களாம். உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. மயக்கத்தில் இருந்தபோதா சொல்ல வேண்டும்?

இருபத்துமூன்று கல், மச்சான். ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயர் போட்ட பாட்டில், அதை நானே படித்தேன். இதைக் காலில் தேய்க்க மாட்டேன்.

இப்போது அந்த விஷயம்.

நான் கண் விழித்தபோது மதியம். பக்கத்தில் உங்கள் தங்கை நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பார்த்தேன். மூன்று துளையில் பிளாஸ்திரி. நாலாவதிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து, கட்டில் ஓரத்தில் ஒரு பைக்குள் போகிறது. மெல்லிய ரப்பர் குழாய். அதன் நடுவில், நூலில் கட்டி, ஒரு பழைய அட்டை தொங்கியது.

ஓரமெல்லாம் ஊதா. தண்ணீரில் ஊறிக் காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஒன்பது வருஷமாக அதை வைத்திருப்பதாக நீங்கள் எந்தக் கடிதத்திலும் சொல்லவில்லையே. ஸ்ட்ரெச்சரில் என்னை வெளியே கொண்டுவந்தபோது, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துக் கட்டினீர்களாம்.

மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. நான் அவசரப்படவில்லை. முதல் எழுத்திலிருந்து விரலை வைத்து, ஒவ்வொன்றாக, சத்தமாகப் படித்தேன். இந்தக். குழாயை. வெட்டாதே. பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய், "இல்லீங்க, நான் ஒண்ணும் பண்ணலை" என்றார்.

இன்று காலை நர்ஸ் வந்தாள். கசிவு ஒன்றும் இல்லை, நாளைக்குக் குழாயை எடுத்துவிடலாம் என்றாள். பிறகு அட்டையைப் பார்த்தாள்.

"யார் தாத்தா இதைக் கட்டினது? என்னமோ எழுதியிருக்கே."

"படிச்சுப் பாரும்மா."

படித்தாள். "அப்போ எடுக்கறதா, வேண்டாமா?"

"எழுதினவர் வரட்டும். அவரைக் கேக்காம இந்தத் தடவை ஒண்ணும் பண்றதா இல்லை" என்றேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். நாளையிலிருந்து இரண்டு பேரை உள்ளே விடுவார்கள். கட்டிலின் கால்பக்கம் ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. வந்ததும் எதுவும் பேசாதீர்கள். அங்கே நின்று இரண்டு தட்டுத் தட்டுங்கள். நான் தலைப்பக்கத்தில் இரண்டு தட்டுத் திருப்பித் தட்டுகிறேன். அதற்கப்புறம் எடுக்கட்டும்.

வரும்போது டீ வாங்கி வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை